ஒரே ஓர் எழுத்தை முழுமையாகக் கற்பிப்பது எப்படி?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய மகன் அடுத்த ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரவிருக்கிறான். இப்போது அவன் செல்லும் பாலர் பள்ளியில் ஆங்கிலமும் மலாயும் மட்டுமே கற்பிக்கிறார்கள். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிறான். 'அ' முதல் 'ஃ' வரையும், 'க' முதல் 'ன' வரையும் ராகம் போட்டு ஒப்புவிக்கிறான். ஆனால், 'ம' என்ற எழுத்தைத் தனியே காட்டி இது என்ன என்று கேட்டால், 'க, ங, ச' என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து பாதியில் தடுமாறி நின்றுவிடுகிறான். எழுத்தை அடையாளம் காணவும் ஒலிக்கவும் அவனை எப்படிப் பழக்குவது, எந்த எழுத்தில் தொடங்குவது, மூன்று மொழிகளின் எழுத்துகளும் ஒரே நேரத்தில் வந்தால் பிள்ளை குழம்பிவிடமாட்டானா என்று அவர் கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகனிடம் குறை எதுவும் இல்லை. அவன் கற்றிருப்பது ஒரு வரிசையை. அந்த வரிசை பிற்காலத்தில் அகராதி புரட்டுவதற்கு அவனுக்கு உதவும் என்பதால் அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், வரிசையை அறிவது வேறு, எழுத்தை அறிவது வேறு. ஒரு பிள்ளைக்கு 'ம' தெரியும் என்று நான் சொல்ல வேண்டுமானால், எந்த வரிசையும் இல்லாமல் அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் அதன் ஒலி உடனே வாயில் வர வேண்டும். அந்த ஒலியை நான் சொன்னால், பல எழுத்துகளுக்கு நடுவே அதை அவன் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அதுவரை அவனுக்குக் காட்டாத ஒரு சொல்லை, 'மருதாணி' என்றோ 'மஞ்சள்' என்றோ வாயால் சொன்னால், அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அவன் கண்டுகொள்ள வேண்டும். கண்ணிலிருந்து வாய்க்கும், காதிலிருந்து கண்ணுக்கும் இரு திசையிலும் வழி திறந்திருந்தால்தான் அந்த எழுத்து அவனுடையதாகிறது. ஆகையால், 30 எழுத்துகளையும் சுவரில் ஒட்டி நாள்தோறும் ஒப்புவிக்கச் செய்வதைவிட, ஓர் எழுத்தை எடுத்து இந்த மூன்று நிலைகளிலும் உறுதியாகும் வரை அதனுடனேயே இருப்பதுதான் விரைவான வழி என்பது என் உறுதியான கருத்து.

தொடங்குவதற்கு 'ம' நல்ல எழுத்து. அதன் ஒலி பிறப்பதைப் பிள்ளையால் கண்ணால் பார்க்க முடியும். மேலுதடும் கீழுதடும் சேர்ந்து பிரியும்போது அது பிறக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் பகரத்தையும் மகரத்தையும் இதழ் இயைந்து பிறப்பவை என்றே வகைப்படுத்துகிறது. நீங்கள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து 'ம' என்று சொல்லும்போது உங்கள் உதட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கண்ணாடியை அவன் கையில் கொடுத்து அவனுடைய உதட்டையே பார்க்கச் செய்யுங்கள். உதட்டை மூடிக்கொண்டு மகர ஒலியை மூச்சுள்ளவரை நீட்டவும் முடிகிறது. 'க', 'ட' போன்றவற்றை அப்படி நீட்ட முடியாது. மேலும், சொல்லின் முதலில் வந்தாலும் நடுவில் வந்தாலும் 'ம' ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. ககரம் அப்படியன்று; அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

எழுத்தட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் சில நாள்கள் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள். காரில் போகும்போதும் சாப்பாட்டு மேசையிலும் செய்யக்கூடிய விளையாட்டு இது. 'மணி, மயில், மழை, பல்' என்று சொல்லிவிட்டு, இவற்றில் சேராத சொல் எது என்று கேளுங்கள். பசியாறும்போது மேசையில் இருப்பவற்றில் 'ம'வில் தொடங்குவது ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மங்கு, மஞ்சள், மல்லி என்று அவனே கண்டுபிடிப்பான். சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டச் சொல்லுங்கள்: ம‑ணி, ம‑யில், மல்‑லி‑கை. இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பாலர் பள்ளியில் மலாய் வாசிப்பைச் 'சுக்கு காத்தா' முறையில், அதாவது 'பா, பி, பு' என்று அசைகளாகவே சொல்லித் தருகிறார்கள். தமிழின் உயிர்மெய் எழுத்தும் மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலிதான். ஆங்கில முறையில் மெய்யொலியைத் தனியே பிரித்தெடுக்கும் பயிற்சியைவிட மலாய் அசைப் பயிற்சியே தமிழுக்கு அருகில் இருக்கிறது. எனவே உங்கள் மகன் மலாய் வகுப்பில் கற்றது தமிழுக்குத் தடையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆனால், மலாய் மொழியில் குறில், நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை, தமிழில் மாறுகிறது. பல் வேறு, பால் வேறு; கல் வேறு, கால் வேறு; படம் வேறு, பாடம் வேறு. அதனால் 'ம' கற்பிக்கும்போது 'மாம்பழம்', 'மாடு' ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் காட்டாதீர்கள். கடைகளில் விற்கும் பல அட்டைகளில் 'ம'வுக்கு மாம்பழப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் காதில் விழுவது 'மா'. கண்ணில் படுவது 'ம'. அங்கேயே ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு தளர்ந்துவிடுகிறது. 'அம்மா' என்ற சொல்லும் இந்த நிலைக்கு ஏற்றதன்று. அதில் 'ம்' இருக்கிறது, 'மா' இருக்கிறது, 'ம' இல்லை. குறிலையும் நெடிலையும் பிரித்துணர, நம் இலக்கணம் மாத்திரைக்குச் சொல்லும் அளவையே கையாளலாம். 'ம' என்னும்போது விரலை ஒரு முறை நொடிக்க வேண்டும். 'மா' என்னும்போது இரு முறை நொடிக்கும் நேரம் குரலை நீட்ட வேண்டும். கையும் குரலும் சேர்ந்து இயங்கும்போது பிள்ளைகள் இந்த வேறுபாட்டை மிக எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

காது பழகிய பிறகு அட்டையைக் காட்டலாம். இதற்கு மரியா மாண்டிசோரி அம்மையார் பயன்படுத்திய மூன்று படிகளை மிஞ்சிய முறை எதையும் நான் கண்டதில்லை. 1907இல் ரோம் நகரில் குழந்தைகளுக்கான தமது முதல் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் பகுதி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தவர். முதற்படியில் நீங்கள்தான் சொல்லுகிறீர்கள்: "இது ம." அவ்வளவுதான், வேறு விளக்கம் வேண்டாம். இரண்டாம் படியில், வேறோர் எழுத்தையும் பக்கத்தில் வைத்து, "ம எங்கே? மவை என் கையில் கொடு. மவைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வை" என்று கேட்கிறீர்கள், அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, கண்டு எடுத்தால் போதும். மூன்றாம் படியில்தான் "இது என்ன?" என்று கேட்க வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறார்கள். சொல்லிக் கொடுத்த மறு நிமிடமே "இது என்ன, சொல்லு?" என்று கேட்பது பிள்ளைக்குச் சோதனையாகிவிடுகிறது, விடை வராதபோது ஊகித்துச் சொல்லும் பழக்கமும் வந்துவிடுகிறது. நடுப்படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மூன்றாம் படியில் தவறினால் "தப்பு" என்று சொல்லாமல் முதற்படிக்குத் திரும்புங்கள். ஒரு வேளைக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் இருக்க வேண்டும்.

அட்டையில் மட்டும் பார்த்த எழுத்தை வேறிடத்தில் பார்க்கும்போது சில பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிவதில்லை. அட்டையின் நிறத்தையோ மூலையில் இருக்கும் மயிற்படத்தையோ பார்த்து விடை சொல்லியிருப்பார்கள். எனவே, படமில்லாத அட்டை ஒன்றும் அவசியம் வேண்டும். நம் நாட்டு நாளிதழ்கள் இங்கே கைகொடுக்கின்றன. 'மக்கள் ஓசை', 'மலேசிய நண்பன்' இரண்டின் பெயரும் மகரத்தில்தான் தொடங்குகின்றன. பழைய இதழ் ஒன்றைத் தரையில் விரித்து, தலைப்பில் உள்ள பெரிய 'ம'வை முதலில் காட்டுங்கள். பிறகு அதே பக்கத்தில் இன்னும் எத்தனை 'ம' இருக்கின்றன என்று வண்ணப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். தடித்த எழுத்து, மெலிந்த எழுத்து, விளம்பரத்தில் சாய்ந்த எழுத்து என்று பல வடிவங்களில் அதே எழுத்தைப் பார்க்கும்போதுதான், எது மாறினாலும் 'ம' மாறாது என்பது அவனுக்குப் பிடிபடும். புள்ளி வைத்த 'ம்' பல வட்டத்துக்குள் வரும். "இதன் தலையில் ஒரு புள்ளி இருக்கிறதே, இது வேறு, பிறகு பார்ப்போம்" என்று சொல்லி விட்டுவிடுங்கள். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போது கடைப் பலகைகளிலும் தேடச் சொல்லலாம்.

எழுத்தின் வடிவத்தைக் கையாலும் அறிய வேண்டும். விஜயதசமியன்று கோயிலில் ஏடு தொடங்கும்போது பச்சரிசித் தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம் அல்லவா? அந்தத் தட்டை அன்றோடு எடுத்து வைத்துவிடாமல் வாரந்தோறும் பயன்படுத்துங்கள். 'ம' இடப்பக்கம் மேலிருந்து நேராக இறங்கி, அடியில் வலப்பக்கமாக ஓடி, மேலேறி, உட்பக்கம் வளைந்து மீண்டும் அடிக்கோட்டைத் தொடுகிறது. விரல் இந்த வழியில் போகும்போதே வாய் 'ம' என்று சொல்ல வேண்டும். பென்சில் பிடித்து இரு கோட்டுக்குள் எழுதுவது வேறு திறன். அது விரல் தசைகளின் வலிமையைப் பொறுத்தது. அதற்காக எழுத்தறிதலைத் தாமதப்படுத்தவும் வேண்டாம், எழுத்தறிந்துவிட்டான் என்பதற்காக ஒரு பக்கம் முழுவதும் 'ம' எழுதச் சொல்லிக் கையை வலிக்கச் செய்யவும் வேண்டாம். எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவது ஆறு, ஏழு வயது வரை பரவலாகக் காணப்படுவதுதான். ஒரு பொருள் இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் அதே பொருள் என்றுதான் பிள்ளை அதுவரை கற்றிருக்கிறது. எழுத்தில் மட்டும் அப்படியன்று என்பதைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.

வடிவத்தில் 'ம'வுக்கு மிக அருகில் இருப்பது 'ப'. 'ப' மேலே திறந்திருக்கும். 'ம'வின் வலப்பக்கம் உள்ளே வளைந்து மூடிக்கொள்ளும். இரண்டும் உதட்டில் பிறப்பவை என்பதால் ஒலியிலும் நெருக்கம் உண்டு. ஆகவே, 'ம' கற்ற அடுத்த வாரமே 'ப' கற்பிக்காமல் இடையில் வேறு எழுத்துகளை வையுங்கள். இரண்டும் தனித்தனியே உறுதியான பிறகு, அருகருகே வைத்து வேறுபாட்டைக் காட்டலாம். எ‑ஏ, ஒ‑ஓ, ண‑ன, ர‑ற ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

இனி, சொற்களைத் தேர்வு செய்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வீட்டில் கற்பிப்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். எழுத்துக்குக் காட்டும் சொல், பிள்ளை தன் வாயால் பேசும்போதும் அந்த ஒலியிலேயே தொடங்க வேண்டும். 'இ' என்றால் இலை என்று எல்லா அட்டைகளிலும் இருக்கிறது. ஆனால் வீட்டில் நாம் எல்லாரும் 'எலை' என்றுதான் சொல்லுகிறோம். படத்தைப் பார்த்து 'எலை' என்று சொல்லும் பிள்ளைக்கு, 'இ' என்ற எழுத்து எகர ஒலியோடு போய் ஒட்டிக்கொள்ளும். இகரத்துக்கும் உகரத்துக்கும் பின் ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் இந்த மாற்றம் நிகழ்கிறது: இடம் 'எடம்' ஆகிறது, உதடு 'ஒதடு' ஆகிறது, உரல் 'ஒரல்' ஆகிறது. எனவே, 'இ'க்கு இட்லியும் இஞ்சியும், 'உ'வுக்கு உப்பும் உண்டியலும் நல்ல சொற்கள். 'ஐ'க்கு ஐந்து என்று காட்டினால் பிள்ளை 'அஞ்சு' என்பான். ஐஸ் என்று காட்டுங்கள், அது பிறமொழிச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. எகரத்தில் தொடங்கும் சொற்களைப் பேச்சில் லேசான யகரத்தோடும், ஒகரத்தில் தொடங்குபவற்றை லேசான வகரத்தோடும் சொல்லும் வழக்கம் பலரிடம் உண்டு. எலி 'யெலி' ஆகவும், ஒட்டகம் 'வொட்டகம்' ஆகவும் கேட்கும். எழுத்தைக் கற்பிக்கும் அந்தச் சில நிமிடங்களிலாவது நீங்கள் அவற்றைத் தூய உயிரொலியில் தொடங்கிச் சொல்ல வேண்டும்.

இதே காரணத்தால்தான் 'மரம்' என்ற எளிய சொல்லும் சில பிள்ளைகளைத் திகைக்க வைக்கிறது. பேச்சில் இறுதி மகரத்துக்கு நாம் உதட்டைச் சேர்ப்பதேயில்லை. அது மூக்கொலியாகக் கரைந்து 'மரோ' என்பதுபோல் முடிகிறது. கேட்காத ஒலிக்கு எழுத்து எதற்கு என்று பிள்ளைக்குத் தோன்றுவது இயல்புதான். 'ம்' கற்பிக்கும்போது, புத்தகத்தில் இருப்பதைப் போல உதட்டை மூடி 'மரம்', 'பழம்' என்று முடித்துக் காட்டி, புத்தகம் வாசிக்கும்போது இப்படிச் சொல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேச்சுத் தமிழ் தவறு என்ற எண்ணம் மட்டும் அவனுக்கு வந்துவிடக் கூடாது.

தமிழில் எல்லா எழுத்தும் சொல்லின் முதலில் வருவதில்லை. ட, ண, ள, ழ, ற, ன போன்றவற்றுக்கு அவற்றில் தொடங்கும் சொல்லைத் தேடி அலைவது வீண் வேலை. டமாரம், டப்பா என்று இழுத்துப் பிடித்துக் காட்டுவதைவிட, வடை, கடை, குடை ஆகியவற்றைச் சொல்லி நடுவில் வரும் ஒலியைக் கேட்கப் பழக்குங்கள். 'ழ'வுக்கு மழையும் வாழையும் இருக்கின்றன. ஐந்து, ஆறு வயதில் 'ழ'வை நாவால் சரியாக ஒலிக்க வராத பிள்ளைகள் பலர். அந்த ஒலி வரும் வரை எழுத்தைக் கற்பிக்காமல் காத்திருக்க வேண்டாம். நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், அவன் எழுத்தை அடையாளம் காட்டினால் போதும்.

க, ச, ட, த, ப ஆகிய வல்லின எழுத்துகளைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. ஆங்கிலத்திலும் மலாயிலும் 'பல்' என்பதன் முதலொலிக்கு ஓர் எழுத்தும், 'தம்பி' என்பதில் மகரத்துக்குப் பின் வரும் ஒலிக்கு வேறோர் எழுத்தும் உண்டு. தமிழில் இரண்டுக்கும் 'ப'தான். 'கல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. 'சட்டை', 'பச்சை' இரண்டிலும் சகரம் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. மலாய் மொழியில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று பழகிவரும் பிள்ளைக்கு இது புதிது. இலக்கண விதியை அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. சொல்லின் முதலில் வரும் வன்மையான ஒலியையே எழுத்தின் ஒலியாகக் கொடுங்கள்: கல், கடல், கண், பல், பழம், பட்டு. 'ப'வுக்குப் பஸ், பலூன் என்று ஒருபோதும் காட்டாதீர்கள். அந்தச் சொற்களில் அவன் கேட்பது மலாய் வகுப்பில் வேறோர் எழுத்துக்கு உரிய ஒலி. பிற்பாடு 'தம்பி' என்ற சொல்லை வன்மையாகவே வாசித்துவிட்டாலும், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தான் அறிந்த சொல்லை உடனே இனங்கண்டு தானாகவே திருத்திக்கொள்கிறான். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைக்கு இந்தத் திருத்தம் தானாக வராது. அதனால்தான் எழுத்துக்கு முன் பேச்சு என்று வலியுறுத்துகிறேன். உங்கள் மகனுக்கு அந்தச் செல்வம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதற்கு வருகிறேன். 'ம' உறுதியானதும் 'அ', 'ட' ஆகியவற்றையும், அவற்றுக்குப் பின் 'ப'வையும் கொண்டுவாருங்கள். இந்த நான்கோடு புள்ளி வைத்த ம், ட், ப் சேர்ந்தால் படம், பட்டம், மட்டம், அப்பம் என்று முழுச் சொற்களை அவனால் வாசிக்க முடியும். மெய்யெழுத்தை 'இம்', 'இட்', 'இப்' என்று பெயர் சொல்லிப் பழக்கியிருப்போம். பெயராக அது இருக்கட்டும். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னால் 'ப‑ட‑இம்' என்று வந்து, எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'படம்' ஆகாது. அதற்குப் பதிலாக, 'பட' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, புள்ளியைக் கண்டதும் உதட்டை மூடச் சொல்லுங்கள். 'படம்' என்பதில் உதடு மூடுகிறது; 'பட்டம்' என்பதன் நடுவில் நாக்கு ஒரு கணம் மேலே ஒட்டி நிற்கிறது. புள்ளி என்பது முந்தைய எழுத்தோடு சேர்ந்து நிறுத்துவதற்கான குறி என்று இப்படிச் செய்து காட்டிவிட்டால், எழுத்துக் கூட்டுவதில் உள்ள பெரிய தடை நீங்கிவிடும். அட்டைகளுக்கு இடையே இடைவெளி விட்டு வைத்து, விரலால் ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டே ஒலிக்கச் சொல்வதும் நல்ல பயிற்சி.

அதற்கடுத்து 'ா' என்னும் துணைக்கால். இது ஒன்று வந்தால் அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பாடம், மாடம் எல்லாம் வாசிக்கலாம். தன் வீட்டாரைக் குறிக்கும் சொற்களைத் தானே வாசித்துவிட்டதில் பிள்ளைக்கு வரும் மகிழ்ச்சி, அடுத்த பத்து எழுத்துகளையும் இழுத்துக்கொண்டு வரும். பிறகு 'ி', 'ீ' ஆகியவற்றைக் கொண்டுவரலாம். எகர ஏகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னே நிற்பதாலும் ஒலி பின்னே வருவதாலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 'தேன்' என்பதில் கண் முதலில் சந்திப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது தகரத்தை. ஒகர ஓகாரக் குறிகள் எழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றன. உகர ஊகார வரிசையோ எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது: கு, சு, து, மு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்வதே நல்லது. உயிர்மெய் 216 என்றவுடன் அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவை 18 மெய்களும் சில குறிகளும் சேர்வதால் கிடைப்பவை, தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியது உகர ஊகார வரிசையை மட்டும்தான். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், 'லை', 'னை', 'ணா' போன்றவற்றைப் பழைய கொம்பு வடிவில் எழுதிக் காட்டக்கூடும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய வடிவங்களே இன்று நம் பாடநூல்களில் உள்ளன என்பதை அவர்களிடம் பணிவாகச் சொல்லி, இந்த ஓராண்டுக்கு ஒரே வடிவத்தைப் பின்பற்றச் செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் சில மாதங்களில் கற்றுவிட்டதே என்று ஒப்பிடுவது பொருந்தாது. சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னட மொழிப் பிள்ளைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்மெய் வரிசைகளை முழுமையாகக் கற்பது தொடக்கப்பள்ளியின் பல வகுப்புகள் வரை நீள்கிறது என்றும், பிள்ளைகள் அசைகளைப் பிரித்தறிந்த பின்னரே தனி ஒலிகளைப் பிரித்தறிகிறார்கள் என்றும் காட்டினார். கன்னட எழுத்தும் தமிழைப் போல உயிர்மெய் அடிப்படையில் அமைந்ததுதான். தமிழை விட எழுத்துகள் கூடுதல். ஆகவே, முதலாம் ஆண்டு தொடங்கும் முன் உங்கள் மகன் 247 எழுத்துகளையும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு எழுத்துகளை இரு திசையிலும் உறுதியாக அறிந்து, அவற்றைக் கூட்டிச் சிறு சொற்களை வாசிக்கும் பிள்ளை, 30 எழுத்துகளை ஒப்புவிக்க மட்டும் தெரிந்த பிள்ளையை விட வகுப்பில் நன்றாகவே முன்னேறுவான்.

மூன்று மொழிகளின் எழுத்துகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் ஒரே ரூமி எழுத்துதான், அதாவது ரோமன் எழுத்துதான் என்பதால், உண்மையில் அவன் கற்பது இரண்டு எழுத்து முறைகளை. இரண்டையும் பிள்ளைகள் நன்றாகவே பிரித்துக்கொள்கிறார்கள். ஆனால், சில வடிவங்கள் ஒத்திருப்பதால் தொடக்கத்தில் தடுமாற்றம் வரும்: 'ப'வைப் பார்த்து 'யூ' என்பான், 'ட'வைப் பார்த்து 'எல்' என்பான், 'ய'வைப் பார்த்து 'டபிள்யூ' என்பான். அப்போது கடிந்துகொள்ளாமல், "ஆங்கிலத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, சரிதான், இது தமிழ், இது ப" என்று சொல்லுங்கள். தமிழ் அட்டைகளுக்கு ஒரே நிறமும், தமிழ் படிக்கும் வேளைக்கு ஒரே இடமும் வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். தமிழ் ஒலியை ரூமி எழுத்தில் எழுதிக் காட்டும் வழியை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கண் பழகிய எழுத்துக்கே ஓடும், தமிழ் வடிவத்தைப் பார்க்கவே பார்க்காது.

பல வாரங்கள் பொறுமையாகப் பழகியும் ஓர் எழுத்துகூட நிற்கவில்லை என்றால், அல்லது பேச்சிலேயே ஒத்த ஒலிகளை அவன் பிரித்தறியவில்லை என்றால், முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளியும் காதுவலியும் வரும் பிள்ளைகளுக்குச் செவித்திறன் குறைந்திருப்பதுண்டு. அதைக் கவனிக்காமல் கவனக்குறைவு என்று எண்ணிவிடுகிறோம்.

புதிய எழுத்துக்கு எப்போது போகலாம் என்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவு இது. காலையில் எழுந்தவுடன், முதல் நாள் எதையும் நினைவூட்டாமல், கலைத்து வைத்த அட்டைகளுக்கு நடுவே 'ம'வை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதைத் தனியே காட்டி ஒலிக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு புதுச் சொல்லைச் சொல்லி அதன் முதலெழுத்தைக் கேளுங்கள். தொடர்ந்து சில காலைகள் மூன்றிலும் தயங்காமல் விடை வந்தால் அடுத்த எழுத்தைத் தொடங்குங்கள். புதிய எழுத்து வந்த பின்னும் பழைய அட்டையை எடுத்து வைத்துவிடாமல், ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பழைய எழுத்துகளைப் புதியதோடு கலந்தே காட்டி வாருங்கள்.